முப்பத்திரண்டு அடி மேடை

எங்கள் கல்லூரிக் கலையரங்கத்தின் மேடை முப்பத்திரண்டு அடி அகலம், இருபது அடி ஆழம், தேக்குப் பலகை போட்டது, இரண்டு பக்கமும் ஐந்தைந்து படிகள் வைத்தது, ஒரு நாள் வரை அதில் ஏறிய எல்லாரும் இறங்கியிருக்கிறார்கள், பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாத சிறப்பு விருந்தினர்கள் உட்பட. மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் ஏறிய சிவனணைந்தான் மட்டும் இறங்குவதற்கு மூன்று வருஷமும் நான்கு மாதமும் ஆயிற்று.

அவன் அப்போது பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாழைத்தோப்புகளுக்கு நடுவே இருந்த ஊரிலிருந்து பஸ்ஸில் வருவான். உயரமாய், ஒல்லியாய், பின்னாலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓர் அடி விலகி நின்ற பிறகே திரும்புகிறவன். அந்தப் பழக்கம் எதனால் வந்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவன் பத்தாவது படிக்கும்போது, வாய்க்கால் தண்ணீர் இன்றைக்கு யார் முறை என்ற சண்டையில், அவன் அப்பா குத்தாலிங்கத்தை அடுத்த தோப்புக்காரர் ஆவுடையப்பன் மடையோரத்தில் வைத்து வெட்டிக் கொன்றார் என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னதை நீதிமன்றத்தில் யாரும் சொல்லவில்லை. நேரில் பார்த்த மூன்று பேரும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆவுடையப்பன் விடுதலையாகி வந்து வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மதில் எழுப்பி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

குத்தாலிங்கத்தின் அண்ணன் கொம்பையா அந்த வாரமே நாள் பார்த்தார். பழியை மகன்தான் தீர்க்க வேண்டும், வேறு ஆள் செய்தால் அது வெறும் கொலை என்பது அவருடைய நியாயம். பையனின் அம்மா உலகம்மாள், பன்னிரண்டாவது முடியட்டும் என்றாள். அது முடிந்ததும், டிகிரி முடியட்டும் என்றாள். கொம்பையா யோசித்தார், படித்தவன் கையால் போனால் ஆவுடையப்பனுக்கு அது இன்னும் வலிக்கும் என்று அவருக்குத் தோன்றியது, சரி என்று தலையாட்டினார். இப்படியாக மற்றப் பிள்ளைகள் செமஸ்டர் எப்போது முடியும் என்று விரல் மடக்கிக்கொண்டிருந்த வகுப்பில், சிவனணைந்தான் ஒருவன் மட்டும் ஒவ்வொரு செமஸ்டர் முடியும்போதும் ஒரு கதவு சாத்துகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆறில் ஐந்து கதவுகள் சாத்தியாகிவிட்டன.

அந்த ஆறாவது செமஸ்டரில்தான் எப்சிபா மேடம் நாடகம் போட முடிவு செய்தார். ஆங்கிலத் துறையில் இருபது வருஷமாக இருந்தவர், கட்டையான குரல், சாக்பீஸ் தூளை எப்போதும் புடவையிலேயே துடைப்பார். நானூறு வருஷத்துப் பழைய ஆங்கில நாடகம் ஒன்றை எடுத்து அவரே தமிழில் எழுதினார். தம்பி அண்ணனைக் கொன்று ராஜாவாகிறான், செத்த ராஜா மகன் முன்னால் வந்து நின்று பழிவாங்கச் சொல்கிறார், இளவரசன் இன்று நாளை என்று தள்ளிப்போட்டுக் கடைசியில் சிற்றப்பனைக் குத்துகிறான், எல்லாரும் சாகிறார்கள். இதில் போய் அந்தப் பையனை ஏன் இளவரசனாகப் போட்டீர்கள் என்று பிற்பாடு பலர் மேடத்திடம் கேட்டார்கள். வசனம் சொல்லும்போது கையை ஆட்டாத ஒரே பையன் அவன்தான், அதனால் போட்டேன் என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

நாடகம் நன்றாகத்தான் போனது. கடைசிக் காட்சியில், வணிகவியல் மாணவன் ஒருவன் ஒட்டுத் தாடியோடு ராஜாவாக உட்கார்ந்திருக்க, சிவனணைந்தான் ஜிகினாத் தாள் சுற்றிய மரவாளை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. நடிப்பு என்று நினைத்து முதலில் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தது, இரண்டு நிமிடம் போயிற்று, ராஜாவின் தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது, திரைக்குப் பின்னாலிருந்து எப்சிபா மேடம் "குத்து சிவனு" என்று மெல்லச் சொன்னார். அவன் வாளைக் கீழே விட்டு, "முடியல மேடம்" என்றான். அது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. திரையை இழுத்தார்கள், தேசிய கீதம் போட்டார்கள், கூட்டம் கலைந்தது.

மற்றவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். சிவனணைந்தானும் இறங்கத்தான் நடந்தான். படி எட்டு அடி தூரத்தில் இருந்தது. எட்டு அடி நடந்தான், படி எட்டு அடி தூரத்தில் இருந்தது. இன்னும் எட்டு அடி நடந்தான், படி அங்கேயே இருந்தது, ஓடிப் பார்த்தான், பலகை அவன் காலுக்குக் கீழே வந்துகொண்டே இருந்தது, கீழே ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்ற நண்பன், பஸ் போயிரும் வாலே என்றான். வர முடியல என்றான் இவன். மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறைக்குப் போக முடிந்தது, அதை ஒட்டிய குழாய்க்கும் கழிவறைக்கும் போக முடிந்தது, ஆனால் ஒப்பனை அறையின் வெளிக்கதவைத் திறந்து காலை வைத்தால் அந்தக் கால் மேடையின் இடப்பக்கத் திரைக்குள் வந்து நின்றது.

மறுநாள் காலையில் கல்லூரி இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். காவலர் சவரிமுத்து டேப் பிடித்து அளந்தார், முப்பத்திரண்டு அடி சரியாக இருந்தது. தச்சர் வந்து பலகைகளைத் தட்டிப் பார்த்து, மேடையில் குறை ஒன்றும் இல்லை என்றார். கபடி அணியிலிருந்து நான்கு பேர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், முக்கால் மணி நேரம் நடந்து சட்டை நனைந்ததும் அவனை இறக்கிவைத்துவிட்டு இரண்டே எட்டில் படியிறங்கிப் போனார்கள். முதல்வர் மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார். குழு ஒரு கட்டிலும் கொசுவலையும் சிபாரிசு செய்தது. விடுதியிலிருந்து சாப்பாடு வந்தது. வளாகத்துக்குள்தானே இருக்கிறான் என்று அவனுக்கு வருகைப்பதிவு கொடுத்தார்கள், மூன்றாம் ஆண்டு வகுப்பைக் கலையரங்கத்துக்கே மாற்றினார்கள், ஏப்ரலில் அவன் இருந்த இடத்துக்கே தேர்வு மேசை வந்தது.

அதற்குப் பிறகு அவனைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. மேடை இருந்தால் விழா இருக்கும், விழா என்றால் அவன் இருந்தான், விளக்கேற்றும்போது தீப்பெட்டியை நீட்டினான், குட்டையான பேச்சாளர் வந்தால் மைக்கை இறக்கிவைத்தான், பரதநாட்டியம் நடந்தபோது சுவரோடு ஒட்டி நின்றான், இரத்ததான முகாமில் படுத்தவர்களுக்குப் பிஸ்கட் கொடுத்தான். புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் அவனை அலுவலக ஊழியர் என்று நினைத்தார்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் தூக்குவாளியில் சொதியும் சோறும் கொண்டுவந்து மேடை விளிம்பில் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போவாள்.

பட்டமளிப்பு விழாவும் அதே மேடையில்தான் நடந்தது. மற்றவர்கள் கருப்பு அங்கியோடு படியேறி வந்து வாங்கினார்கள், அவன் ஓரத்திலிருந்து நடந்து வந்து வாங்கினான். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர்களில் கொம்பையாவும் ஒருவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எழுபது வயதிலும் வளையாத முதுகு. கூட்டம் போன பிறகு படியடியில் வந்து நின்றார்.

"டிகிரி முடிஞ்சுட்டுல்லா?"

"முடிஞ்சுட்டு பெரியப்பா."

"அப்ப எறங்கு. வெளிய ஜீப்பு நிக்கி."

"எறங்க முடியல பெரியப்பா."

"நடந்து காட்டு, பாப்போம்."

அவன் நடந்தான். கொம்பையா ஒரு பீடி பற்றவைத்து அது முடியும்வரை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே மேலே ஏறி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அடிமேல் அடி வைத்து அளந்து, அந்தப் பக்கப் படிவழியாக இறங்கி வந்தார்.

"நாடகம் பாதியில நிக்கி. அதான் விடமாட்டேங்கு," என்றார். "அந்த ஒரு குத்தக் குத்திட்டு எறங்கி வா. நா காத்துக் கெடக்கேன்."

எப்சிபா மேடத்துக்கும் அதே எண்ணம் இருந்தது. அடுத்த ஆண்டு விழாவில் கடைசிக் காட்சியை மட்டும் திரும்பப் போட்டார்கள், ராஜாவாக வேறு ஒரு மாணவன், அதற்கு அடுத்த ஆண்டும் போட்டார்கள், அதற்கும் அடுத்த ஆண்டும் போட்டார்கள், ராஜாக்கள் வேலை கிடைத்துச் சென்னைக்கும் ஓசூருக்கும் போனார்கள், தாடி மட்டும் அதே தாடி. ஒவ்வொரு தடவையும் சிவனணைந்தான் வாளை ஓங்கினான், ஒவ்வொரு தடவையும் கை நின்றது. குத்தினால் மேடை விடும் என்று அவனுக்குத் தெரியும், மேடை விட்டால் வெளியே ஜீப் நிற்கும் என்பதும் தெரியும். அதை ஒரு தடவை மேடத்திடம் சொன்னான்.

"குத்தலன்னா இங்கன கெடக்கணும். குத்துனா அங்கன போணும். ரெண்டும் ஒண்ணுதான மேடம்?"

அந்த வருஷம் சொந்த ஊருக்குக் கிடைத்த இடமாற்றத்தை மேடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

இரண்டாம் வருஷம் ஜூனில், பக்கத்துத் தாலுகாவிலிருந்து ஒரு பெண் பதினெட்டு வயது மகனைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். அவர்கள் குடும்பத்திலும் ஒரு வெட்டு விழுந்திருந்தது, அந்த வீட்டிலும் ஒரு பெரியப்பா இருந்தார். "எம் மவனுக்கும் ஒரு வேசம் குடுங்க மேடம், சின்னதா இருந்தாலும் போதும்," என்றாள். அந்த மாதம் முடிவதற்குள் அப்படி ஒன்பது தாய்மார்கள் வந்தார்கள். மேடம் மறுக்கவில்லை, வாயிற்காவலன், தூதுவன், கல்லறை வெட்டுகிறவன் என்று ஆளுக்கொரு வேடம் கொடுத்து மேடையில் ஏற்றினார், தாய்மார்கள் கீழே வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒத்திகை முடிந்ததும் பிள்ளைகள் ஒன்பது பேரும் பேசிச் சிரித்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டார்கள். நல்லபடியாக இறங்கி வருகிற மகனைப் பார்த்து அழுத தாய்மாரை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஆவுடையப்பன் மதிலுக்குள் இருந்தார். மகள் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை, மண்டபத்தில் முதுகு காட்டி உட்கார வேண்டும் என்பதால். மகனைத் துபாய்க்கு அனுப்பிவிட்டு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார். சொந்தத் தோப்பில் எட்டு வருஷமாகக் கால் வைக்கவில்லை, அவர் வாழையின் குலையை யாரோ வெட்டி யாரோ விற்றார்கள். நான்காம் வருஷம் ஜூலையில் ஒருநாள் காலையில் அவர் தனியாக பஸ் ஏறி எங்கள் கல்லூரிக்கு வந்து, ஆங்கிலத் துறை எங்கே என்று கேட்டு, எப்சிபா மேடத்தின் மேசை முன்னால் நின்றார்.

"அந்த ராஜா வேசத்துக்கு ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன்."

மேடம் அவர் யார் என்று கேட்டார். அவர் பெயரைச் சொன்னார். மேடம் கையில் இருந்த சாக்பீஸ் தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பையனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "வரச் சொல்லுங்க மேடம்," என்றான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அரங்கத்தில் இடமில்லை. ஆற்றின் இரண்டு கரையிலிருந்தும் வந்திருந்தார்கள். நீதிமன்றத்தில் பார்க்கவில்லை என்று சொன்ன மூன்று பேரும் நான்காவது வரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் உலகம்மாள், அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளிக் கொம்பையா. வெளியே ஜீப் நின்றது, உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காக மரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள்.

ஆவுடையப்பன் தாடி வேண்டாம் என்றார். அட்டைக் கிரீடத்தைக் கொடுத்தார்கள், வைத்துக்கொண்டார். ஒட்டுப்பலகைச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, சிவனணைந்தானை நிமிர்ந்து பார்த்தார். எட்டு வருஷத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"சீக்கிரம் முடி தம்பி," என்றார். "திரும்பித் திரும்பிப் பாத்து எனக்குக் களுத்தே போயிட்டு. நெசமான அருவா வேணும்னா ஒங்க பெரியப்பன்ட்ட இருக்கும், வாங்கிக்க."

அவன் மரவாளை எடுத்து அவர் நெஞ்சில் முனை படும்படி வைத்தான். அந்த இடத்தில் இளவரசனுக்கு ஆறு வரி வசனம் உண்டு. அவன் அதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்து மேடம் திரைக்குப் பின்னாலிருந்து முதல் வரியை எடுத்துக் கொடுத்தார். அவன் காதில் அது விழவே இல்லை.

"எங்கப்பாவ யாரு வெட்டுனா?" என்று கேட்டான்.

"நாந்தான்."

மரத்தில் கட்டிய ஒலிபெருக்கியும் நாந்தான் என்றது.

"கடைசியா என்ன சொன்னாரு?"

ஆவுடையப்பன் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நீதிமன்றத்தில் இரண்டு வருஷம் எத்தனையோ கேள்விகள் கேட்டார்கள், இதை யாரும் கேட்கவில்லை.

"தண்ணி கேட்டாரு."

"குடுத்தீங்களா?"

"வாய்க்கா நெறையப் போய்க்கிட்டு இருந்துச்சு. நா குடுக்கல."

நான்காவது வரிசையில் ஒருவர் எழுந்து, யாரும் கேட்காமலேயே, நான் பார்த்தேன் என்றார். பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். மூன்றாமவர் உட்கார்ந்தபடியே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சிவனணைந்தான் அவர்களைப் பார்க்கவில்லை. வாளின் முனை ஆவுடையப்பனின் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான், அவன் முகம் அழப்போகிறவனுடையது போல இருந்தது, ஆனால் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாளை எடுத்துச் சிம்மாசனத்தில் சாய்த்துவைத்தான்.

"மேடம், நாடகம் இவ்வளவுதான்," என்றான்.

படியைப் பார்த்து நடந்தான். எட்டு அடி நடந்ததும் மேடை முடிந்தது. அடுத்தும் பலகை இருக்கும் என்று வைத்த கால் காற்றில் இறங்கி, தடுமாறி, ஐந்து படியும் உருளப் போனவனை உலகம்மாள் எழுந்து ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். மண் தரை அல்ல, சிமெண்டுத் தரைதான், ஆனாலும் அவன் குனிந்து அதைக் கையால் தொட்டுப் பார்த்தான்.

கொம்பையா எழுந்துவிட்டார். "என்னலே இது? அவன் வாயாலயே சொல்லுதான், நீ சும்மா எறங்கி வார?"

உலகம்மாள் மகனுக்கு முன்னால் வந்து நின்றாள். கணவனின் அண்ணனிடம் அவள் நேருக்கு நேர் பேசி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"அத்தான், பன்னெண்டாவது முடியட்டும்னு சொன்னேன். டிகிரி முடியட்டும்னு சொன்னேன். எதுக்குச் சொல்லுதேன்னு ஒரு நாளாவது எங்கிட்ட கேட்டீயளா?"

"எதுக்கு?"

"அதுக்குள்ள நீங்க செத்துருவீயன்னுதான்."

கொம்பையா அவளைப் பார்த்தபடியே நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் முதுகு வளைந்திருப்பதை நாங்கள் கவனித்தோம். உலகம்மாள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள், கூட்டம் வழிவிட்டது, அவர்கள் ஜீப்பைத் தாண்டி நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள்.

அரங்கம் காலியானதும் சவரிமுத்து சாவிக்கொத்தோடு வந்தார். ஆவுடையப்பன் சிம்மாசனத்திலேயே இருந்தார்.

"எந்திரிங்க அண்ணாச்சி. பூட்டணும்."

அவர் எழுந்து படியைப் பார்த்து நடந்தார். சவரிமுத்து நின்று பார்த்தார். சிறிது நேரம் கழித்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஆவுடையப்பன் நடந்துகொண்டிருந்தார், துண்டு தோளிலிருந்து விழுந்தது, அதை எடுத்துக்கொண்டு மறுபடி நடந்தார். சவரிமுத்து போய் மின்விசிறியைப் போட்டுவிட்டு, முதல்வர் அறைக்குச் சொல்லப் போனார். கட்டிலும் கொசுவலையும் அங்கேயே இருந்ததால் இந்தத் தடவை குழு எதுவும் அமைக்க வேண்டியிருக்கவில்லை.

செய்தி ஆற்றைத் தாண்ட ஒரு நாள் ஆயிற்று. இப்போது அந்த ஆளுக்கு மதில் இல்லை, ஓட இடம் இல்லை, வேண்டியவன் வேண்டியபோது படியேறிப் போகலாம். திங்கட்கிழமை காலையில் கொம்பையா தனியாக வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார், மடியில் துண்டு சுற்றிய நீளமான ஒரு பொருள் இருந்தது. ஆவுடையப்பன் அதைப் பார்த்தார், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

பதினோரு மணி வாக்கில் சிவனணைந்தான் கையில் தூக்குவாளியோடு உள்ளே வந்தான். பெரியப்பாவையும் மடியில் இருந்ததையும் பார்த்தான், அவரைத் தாண்டிப் போய்ப் படியடியில் நின்றான். முதல் படியில் கால் வைக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. ஏறினால் திரும்ப விடுமா என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஏறினான். ஐந்து படியும் ஏறி, மேடையில் நடந்து, கட்டிலில் அந்த மனிதரின் பக்கத்தில், அவருக்கும் மூன்றாவது வரிசைக்கும் நடுவில் மறைக்கிற மாதிரி உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்தான்.

"கட்டில இந்தப் பக்கமா இழுத்துப் போடுங்க, காத்து இங்கதான் வரும்," என்றான். "விழா இருந்தா கூட்டம் வரும், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. தண்ணி பின்னால கொழாயில காலைல ஆறுலேருந்து ஏழு வரைக்கும்தான். பிடிச்சு வச்சுக்கோங்க."

ஆவுடையப்பன் சோற்றில் கை வைத்தார், ஆனால் சாப்பிட முடியவில்லை, கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். சிவனணைந்தான் அவசரப்படுத்தவில்லை. கொம்பையா எழுந்து, மடியில் இருந்ததைத் துண்டால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, கூன் விழுந்த முதுகோடு வெளியே போனார். ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது.

பிறகு சிவனணைந்தான் வாளியை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தான். எட்டு அடி நடந்து கடைசிப் பலகையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு காலை நீட்டி முதல் படியைத் தேடினான். இருந்தது. அவன் இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறான், திங்கட்கிழமை பள்ளி விட்டதும் தவறாமல் ஆவுடையப்பனுக்குச் சோறு கொண்டுவருகிறான், ஏறும்போது அவனுக்கு இப்போது தயக்கம் இல்லை; இறங்கும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசிப் பலகையில் நின்று, காலால் தடவிப் பார்த்து, படி தட்டுப்பட்ட பிறகுதான் மூச்சு விடுகிறான்.